பேரப்பிள்ளை நலமாகப் பிறக்க: கர்ப்பக் காலத்தில் கஞ்சா வேண்டாம்

மூத்தோருக்கான விளக்கக் குறிப்பு

மகளோ மருமகளோ பேத்தியோ கர்ப்பமாக இருக்கிறார் என்ற செய்தி வந்ததும் வீட்டில் பேச்சு மாறிவிடும். என்ன சமைத்துக் கொடுப்பது, வளைகாப்பு எப்போது, பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் யார் பார்ப்பது என்று பெரியவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். பப்பாளி வேண்டாம், பளு தூக்க வேண்டாம், சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்வீர்கள். கஞ்சாவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று மட்டும் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. "நம் வீட்டுப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம்.

இப்போது அதைப் பற்றித் தெரிந்துகொள்வது ஏன் அவசியம்?

• நம் பிள்ளைகள் படிக்கவும் வேலை செய்யவும் வெளிநாடு செல்கிறார்கள். கனடாவில் 2018 அக்டோபர் முதல் பெரியவர்கள் கஞ்சா வாங்குவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் அப்படியே. அங்கே அது கடையில் கிடைக்கும் ஒரு பொருள்.
• "மசக்கை வாந்திக்கு நல்லது", "இது மூலிகைதான்" என்ற பேச்சு இணையத்திலும் நண்பர்கள் மூலமாகவும் பரவுகிறது.
• கர்ப்பிணிப் பெண் ஒரு தவறைச் செய்துவிட்டால், கணவரிடம் சொல்லப் பயந்தாலும் அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லிவிடக்கூடும். அந்த நேரத்தில் உங்களுக்கு விவரம் தெரிந்திருந்தால் இரண்டு உயிர்களுக்கு நன்மை.

இந்தக் குறிப்பைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.


கஞ்சா என்பது என்ன?

கஞ்சா ஒரு செடி. அதன் இலை, பூ, பிசின் ஆகியவற்றில் பல வேதிப்பொருள்கள் உள்ளன. போதை தருவது டிஎச்சி என்ற பொருள். நம்மில் பலருக்குக் கஞ்சா என்றதும் பீடி போலச் சுருட்டிப் புகைப்பதுதான் நினைவுக்கு வரும். இன்று அது வேறு உருவங்களிலும் வருகிறது:

• மின்சிகரெட்டில் ஊற்றிப் புகைக்கும் எண்ணெய்
• சாக்லெட், கேக், பிஸ்கெட், ஜெல்லி மிட்டாய்
• நாக்கின் அடியில் விடும் சொட்டு மருந்து
• பானங்கள், தேநீர்த் தூள்

பார்த்தால் சாதாரணத் தின்பண்டம் போலவே இருக்கும். புகையும் இல்லை, வாசனையும் அதிகம் இல்லை.

அதன் வீரியமும் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் அதிகாரிகள் பறிமுதல் செய்த கஞ்சாவைச் சோதித்தபோது, 1995ல் அதில் சராசரியாகச் சுமார் 4 விழுக்காடு டிஎச்சி இருந்தது. 2014ல் அது சுமார் 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எண்ணெயாக வடிக்கப்பட்டவற்றில் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே, "எங்கள் காலத்தில் இன்னார் பயன்படுத்தினார், ஒன்றும் ஆகவில்லை" என்பதை இன்றைய கஞ்சாவுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.


வயிற்றில் இருக்கும் குழந்தையை அது எப்படிச் சென்றடைகிறது?

தாய் சாப்பிடும் சோற்றின் சத்து, நஞ்சுக்கொடி வழியாகத்தான் குழந்தைக்குப் போகிறது. நஞ்சுக்கொடி பல பொருள்களை வடிகட்டும். ஆனால் டிஎச்சியை அதனால் தடுத்து நிறுத்த முடிவதில்லை. தாயின் இரத்தத்தில் கலந்த டிஎச்சியின் ஒரு பகுதி குழந்தையின் இரத்தத்திலும் கலக்கிறது. புகைத்தாலும் தின்றாலும் சொட்டாக விட்டாலும் இதுவே நடக்கிறது.

டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். எண்ணெய் துணியில் ஊறியதுபோல அது உடலின் கொழுப்பில் ஊறித் தங்கிவிடும். பிறகு கொஞ்சங்கொஞ்சமாக இரத்தத்தில் கசியும். அடிக்கடி பயன்படுத்துபவரின் உடலிலிருந்து அது முழுவதும் வெளியேறப் பல வாரங்கள் ஆகலாம். மூளையும் கொழுப்பு மிகுந்த உறுப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

குழந்தையின் மூளை கருவில் உருவாகும்போது, நரம்புகள் எங்கே போக வேண்டும், எதோடு சேர வேண்டும் என்பதற்கு உடலே சில இயற்கைப் பொருள்களைச் சுரந்து வழிகாட்டுகிறது. டிஎச்சியின் அமைப்பு அவற்றைப் போன்றது. அதனால் அது அதே இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வேலையில் குறுக்கிடுகிறது.

புகைத்தால் இன்னொரு கேடும் சேருகிறது. கஞ்சாப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளது. அது இரத்தத்தில் பிராணவாயு இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றில் உள்ள குழந்தைக்கு மூச்சு என்பதே தாயின் இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுதான். அது குறைந்தால் வளர்ச்சியும் குறையும்.


பிறக்கும் குழந்தைக்கு என்ன ஆகலாம்?

1. குறைமாதப் பிரசவம்

37 வாரங்கள் நிறைவதற்குமுன் பிறப்பதைக் குறைமாதப் பிரசவம் என்கிறோம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2012 முதல் 2017 வரை நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆய்வாளர்கள் பரிசீலித்தார்கள். கஞ்சா பயன்படுத்தாத 100 தாய்மார்களில் சுமார் 6 பேருக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. பயன்படுத்திய 100 பேரில் 12 பேருக்கு அப்படிப் பிறந்தது.

"கஞ்சா பயன்படுத்துபவர்கள் சிகரெட்டும் பிடிப்பார்கள், வசதியும் குறைவாக இருக்கும். அதனால் இருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதைக் கேட்டார்கள். வயது, வருமானம், சிகரெட், மது போன்றவற்றில் ஒத்திருந்த பெண்களை மட்டும் எடுத்து மறுபடியும் ஒப்பிட்டார்கள். அப்போதும் பயன்படுத்தாதவர்களில் 100க்குச் சுமார் 7, பயன்படுத்தியவர்களில் 100க்குச் சுமார் 10 என்று வித்தியாசம் இருந்தது.

2. எடை குறைவு

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை என்று மருத்துவர்கள் சொல்வார்கள். கர்ப்பக் காலத்தில் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. 2025ல், 50க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வறிக்கையும் அதையே உறுதிசெய்தது.

"பிள்ளை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். வயிற்றில் போதிய வளர்ச்சி இல்லாமல் சிறுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அது நன்மை செய்யாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு உடல் சூடு எளிதில் குறையும், இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது, கிருமித்தொற்று சீக்கிரம் பிடிக்கும். சில குழந்தைகளை நாள்கணக்கில், வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். தாய் வீட்டுக்கு வந்துவிடுவார், குழந்தை மருத்துவமனையிலேயே இருக்கும். அந்த வேதனை எப்படிப்பட்டது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

3. நடுக்கம், திடுக்கிடுதல், அமைதியின்மை

கனடாவின் ஒட்டாவா நகரில் 1978ல் தொடங்கிய ஓர் ஆய்வு, கஞ்சா பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் கவனித்து வந்தது. பிறந்த சில நாள்களில் அந்தக் குழந்தைகளிடம் கை கால் நடுக்கமும் திடுக்கிடுதலும் அதிகமாகக் காணப்பட்டன.

பச்சைக் குழந்தை எப்போதாவது தூக்கிவாரிப் போடுவது இயல்பு. சத்தம் கேட்டால் கைகளை விரித்துத் திடுக்கிடும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நடுக்கம் விடாமல் இருந்தால், அழுகை அடங்காமல் போனால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், கண் பட்டுவிட்டது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சுற்றிப் போடுவதும் மந்திரிப்பதும் உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தவை. அதற்காகக் காத்திராமல் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. வளரும்போது

ஒட்டாவா ஆய்விலும் வேறு சில ஆய்வுகளிலும், இக்குழந்தைகள் பள்ளி வயதை எட்டியபோது கவனம் சிதறுதல், பொறுமையின்மை, ஒன்றைத் திட்டமிட்டுச் செய்வதில் சிரமம் போன்றவை கூடுதலாகத் தெரிந்தன. எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகும் என்று பொருளல்ல. ஆபத்து கூடுகிறது என்பதே பொருள்.

இத்தனை கஞ்சாவரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2019 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவுரையும், அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள் ஆகியோரின் சங்கங்களும் கூறுவது ஒன்றே: கர்ப்பக் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கஞ்சாவை அறவே தவிர்க்க வேண்டும். கஞ்சா சட்டப்படி விற்கப்படும் நாட்டின் மருத்துவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.


மசக்கை வாந்திக்கு நல்லது என்கிறார்களே?

பெண்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொலராடோ மாநிலத்தின் 400 கஞ்சாக் கடைகளுக்கு ஆய்வாளர்கள் தொலைபேசியில் அழைத்தனர். "நான் எட்டு வாரக் கர்ப்பிணி, வாந்தி தாங்க முடியவில்லை" என்று சொன்னார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் கடைகள் கஞ்சாவைப் பரிந்துரைத்தன. பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர், கடையில் விற்பவர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீண்டகாலம் கஞ்சா பயன்படுத்துபவர்களில் சிலருக்கு அதனாலேயே அடக்க முடியாத வாந்தி வருகிறது. சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் சற்று அடங்குவது அதன் ஓர் அடையாளம். மசக்கை என்று எண்ணி மேலும் கஞ்சா எடுத்தால் வாந்தி இன்னும் மோசமாகும்.

மசக்கைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது:

• மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள்.
• காலையில் எழுவதற்குமுன் படுக்கையிலேயே இரண்டு பிஸ்கெட்டோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிடச் சொல்லுங்கள்.
• தாளிக்கும் வாசனை, கருவாட்டு வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் சில வாரங்களுக்கு அவற்றைத் தள்ளிவையுங்கள். அவர் அடுப்படிக்கு வராமல் நீங்கள் சமைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.
• இஞ்சித் தண்ணீர், ரசம், மோர், கஞ்சி என எது வயிற்றில் தங்குகிறதோ அதைக் கொடுங்கள்.
• அடங்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தி மருந்துகள் உள்ளன. பி6 வைட்டமின் அவற்றுள் ஒன்று. அளவை மருத்துவரே சொல்வார்.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் மிகக் குறைவாகவோ கறுத்தோ போகிறது, எழுந்தால் தலைசுற்றி விழுகிறார், எடை குறைந்துகொண்டே போகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.


பலரும் கேட்கும் கேள்விகள்

"கஞ்சா இயற்கை மூலிகைதானே?"
புகையிலையும் இலைதான். ஊமத்தையும் செடிதான். இயற்கையில் விளைந்தது என்பதால் குழந்தைக்கு நல்லது என்றாகிவிடாது.

"நாட்டு மருந்திலும் அதைச் சேர்ப்பார்களே?"
ஆம். சில பழைய லேகியங்களில் கஞ்சா இலை சேர்ப்பது உண்டு. ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் லேகியத்திலோ பொடியிலோ என்னென்ன கலந்திருக்கிறது என்று பெயர்ச்சீட்டில் எழுதியிருக்காவிட்டால், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்காதீர்கள். கஞ்சா கலந்ததைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவதே குற்றம். லேகியம் என்பதற்காகச் சட்டம் விலக்கு அளிக்காது.

"வெளிநாட்டில் மருந்தாகவே கொடுக்கிறார்களாமே?"
கடும் வலிப்பு நோய் போன்ற சில நோய்களுக்கு, கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரித்த மருந்துகளை நிபுணத்துவ மருத்துவர்கள் கண்காணிப்புடன் கொடுப்பது உண்டு. அதற்கும் கடையில் விற்கும் கஞ்சாவுக்கும் தொடர்பில்லை. மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் அது மருந்தல்ல.

"சிபிடி எண்ணெயில் போதை இல்லையாமே?"
சிபிடி என்பது கஞ்சாச் செடியில் உள்ள மற்றொரு பொருள். அது டிஎச்சியைப் போல் போதை தராது. ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் அதையும் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019ல் அறிவுறுத்தியது. சிபிடி என்று விற்கப்படும் எண்ணெய்களில் டிஎச்சியும் கலந்திருக்கலாம். சிங்கப்பூரில் சிபிடியும் சட்டத்துக்குப் புறம்பானதே.

"கணவர் மட்டும்தான் பயன்படுத்துகிறார்."
பக்கத்தில் இருப்பவர் விடும் புகையைக் கர்ப்பிணியும் சுவாசிக்கிறார். குழந்தை பிறந்த பிறகு போதையில் இருக்கும் ஒருவர் அதைத் தூக்குவதும், அதன் பக்கத்தில் படுத்துறங்குவதும் மிகவும் ஆபத்து. உறக்கத்தில் குழந்தை நசுங்கி மூச்சுத்திணறக்கூடும்.

"கர்ப்பம் என்று தெரியாமல் பயன்படுத்திவிட்டார். இப்போது என்ன செய்வது?"
தெரிந்த நாளிலேயே நிறுத்த வேண்டும். பலருக்கு ஐந்து, ஆறு வாரங்கள் கழித்தே கர்ப்பம் தெரியவரும். அதை நினைத்து நினைத்து அழுவதால் பயன் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால், குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேன் மூலம் கூடுதலாகக் கவனிப்பார். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மைதான். அதற்குப் பிறகு உருவாகும் மூளையும் ஏறும் எடையும் கஞ்சா இல்லாமல் வளரும்.


தாய்ப்பால் கொடுக்கும்போது

டிஎச்சி தாய்ப்பாலிலும் கலக்கிறது. பாலில் கொழுப்பு இருப்பதே காரணம். 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடைசியாகப் பயன்படுத்தி ஆறு நாள்கள் வரையிலும் பாலில் அது இருந்ததைக் காட்டியது. 2021ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கர்ப்பக் காலத்தில் பயன்படுத்திப் பிரசவத்துக்குப் பின் நிறுத்திய தாய்மார்களின் பாலில் ஆறு வாரங்கள் கழித்தும் அது இருந்தது.

அதனால், "இன்றைய பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு நாளைக்குக் கொடுத்தால் போதும்" என்ற யோசனை உதவாது. மது விஷயத்தில் கேள்விப்பட்ட முறையைக் கஞ்சாவுக்குப் பின்பற்ற முடியாது. தாய் அண்மையில் கஞ்சா பயன்படுத்தியிருந்தால், பால் கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நீங்களாகவே பாலை நிறுத்திவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ ஓமத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம்.


சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் கஞ்சா, ஹெராயினைப் போலவே முதல் பிரிவு போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதை உட்கொண்டால் 10 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே அது குற்றமே. தாய்லாந்து 2022ல் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 2025ல் மறுபடியும் இறுக்கியது. அந்நாட்டுச் சட்டம் எப்படி மாறினாலும் நம் சட்டம் மாறவில்லை.

சுற்றுப்பயணம் போகும் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும். பொட்டலத்தில் கஞ்சா இலைப் படம் போட்ட மிட்டாய், பிஸ்கெட், பானம் எதையும் வாங்கவோ சாப்பிடவோ வேண்டாம். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை என்னவென்று தெரியாமல் உங்கள் பையில் வைத்து எடுத்து வரவும் வேண்டாம்.


உங்களிடம் வந்து சொன்னால்

"அம்மா, ஒன்று சொன்னால் திட்டமாட்டீர்களே?" என்று மகள் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் நீங்கள் பேசுவதைப் பொறுத்தே அவர் மருத்துவரிடம் போவாரா, இனி யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பாரா என்பது முடிவாகும்.

இப்படிச் சொல்லலாம்:
• "சொன்னது நல்லதாயிற்று. தனியாகச் சுமக்காதே."
• "கடைசியாக எப்போது எடுத்தாய்? எதற்காக எடுத்தாய், வாந்திக்கா, தூக்கத்துக்கா?"
• "நாளைக்கு மருத்துவரிடம் போவோம். நானும் வருகிறேன்."

இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்:
• "குடும்ப மானத்தை வாங்கிவிட்டாயே."
• "உனக்கெல்லாம் எதற்குக் குழந்தை?"
• "சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?"
• உறவினர் வட்டத்தில் பேசுவது, வாட்ஸ்அப்பில் ஆலோசனை கேட்பது.

மருமகளாக இருந்தால் இன்னும் பொறுமை தேவை. அவர் உங்களிடம் சொல்வதற்குள் பலமுறை யோசித்திருப்பார். மகனைக் கூப்பிட்டுக் கண்டிப்பதற்குமுன் அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

மருத்துவரிடம் சொன்னால் சட்டச் சிக்கல் வருமோ என்ற பயம் குடும்பத்தில் இருக்கும். இதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. ஒருவர் போதைப்பொருளுக்கு அடிமையாகியிருக்கிறார் என்று மருத்துவர் கருதினால், அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை சட்டப்படி அவருக்கு உண்டு. அதே நேரத்தில், இதுவரை பிடிபடாத ஒருவர் தாமாகவே முன்வந்து உதவி கேட்பதையும், ஒளிந்திருந்து பிடிபடுவதையும் அதிகாரிகள் ஒன்றாகக் கருதுவதில்லை. பயந்து மருத்துவப் பரிசோதனைகளுக்கே போகாமல் இருந்தால் குழந்தைக்கு இரட்டிப்பு ஆபத்து. எடை ஏறவில்லை, இரத்த அழுத்தம் கூடுகிறது என்பதையெல்லாம் கண்டுபிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

நிறுத்திய முதல் ஓரிரு வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, பதற்றம் வரலாம். அவர் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருக்கலாம். அது குணம் அல்ல, உடல் மாறும் நேரம். மாலையில் அடுக்குமாடிக்குக் கீழே கொஞ்ச தூரம் சேர்ந்து நடங்கள். இரவில் சூடாகப் பால் கொடுங்கள். தூக்க மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கஞ்சாவோடு ஹெராயின் போன்ற வேறு போதைப்பொருளையோ தூக்க மாத்திரைகளையோ அவர் தொடர்ந்து எடுத்து வந்திருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது ஆபத்தாக முடியலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.


பச்சைக் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்ளும்போது

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பாட்டி, தாத்தாவின் கவனிப்பு பெரிய பலம்.

• குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கனத்த போர்வை வேண்டாம்.
• தாய் தன் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைத்துக்கொண்டால் குழந்தையின் உடல் சூடு நிலைக்கும், எடையும் ஏறும். அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மற்ற வேலைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.
• ஆறு மாதம் வரை பால் மட்டுமே போதும். உரை மருந்து, தேன், தண்ணீர் தேவையில்லை.
• எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் மருத்துவர் சொன்ன நாள்களைத் தவறவிடாதீர்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகள்:

• உடல் சூடு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேல், அல்லது உடல் சில்லிட்டுப் போதல்
• பால் குடிக்காமை, எழுப்பினாலும் விழிக்காமை
• மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல்
• விடாத நடுக்கம், வலிப்பு

நிலைமை கடுமையாக இருந்தால் 995 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளை எதையோ தின்றுவிட்டு வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலும், தள்ளாடினாலும் அப்படியே செய்யுங்கள். கஞ்சா கலந்த மிட்டாயாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவப் பணியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.


நினைவில் கொள்ளவேண்டியவை

1. கர்ப்பக் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கஞ்சா அறவே வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.
2. புகை, எண்ணெய், மிட்டாய், லேகியம் என எந்த உருவில் வந்தாலும் அது குழந்தையைச் சென்றடையும்.
3. மசக்கைக்கு மருத்துவரிடம் நல்ல மருந்து இருக்கிறது.
4. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு.
5. திட்டாமல் கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.


உதவிக்கு

• அவசர மருத்துவ வாகனம்: 995
• போதைப்பழக்கத்திலிருந்து விடுபட ஆலோசனை, மனநலக் கழகத்தின் உதவி எண்: 6732 6837
• மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு: 1800-325-6666
• உங்கள் வட்டாரப் பலதுறை மருந்தகம், குடும்ப மருத்துவர், அல்லது பிரசவம் பார்க்கும் மருத்துவமனை

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். அல்லது வீட்டில் உள்ள ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

பப்பாளி வேண்டாம் என்று சொல்லும் அதே உரிமையோடு கஞ்சா வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. அதைக் கேட்டு ஒரு குழந்தை நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்தால், அது நீங்கள் உங்கள் பேரப்பிள்ளைக்குக் கொடுத்த முதல் சீர்.